லோரன்ஸ் சலித்த நிலாவரை

என் வீட்டுக்காரர் லோரன்ஸைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லு என்று யாராவது கேட்டால், முதல் வார்த்தை தேத்தண்ணி. மற்ற மூன்றுக்கும் எனக்குக் கொஞ்சம் அவகாசம் வேண்டும்.

மஸ்கெலியா பக்கத்துத் தோட்டம் எங்களுடையது. இங்கே கல்யாணமோ கருமாதியோ, அம்மன் கோயில் தேரோ எங்கள் அந்தோனியார் திருநாளோ, பந்தலுக்குக் கால் நடுவதற்கு முன்பே ஒரு கேள்வி வந்துவிடும். "லோரன்ஸண்ணேகிட்ட சொல்லியாச்சா?" சொல்லியாச்சு என்றால்தான் அடுத்த வேலை. இவரும் வெள்ளைச் சட்டை போட்டு, தோளில் துவாய் போட்டு, தன் சொந்தச் சல்லடையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தேத்தண்ணிக் கொப்பரைக்குப் பின்னால் போய் நிற்பார். எத்தனை சனம் வந்தாலும் சாயம் ஒரே நிறம், ஒரே கடுப்பு. கைராசிக்காரர் என்று பெயர். கோயிலில் அந்தோனியார் சுரூபம் தூக்குகிறவர்களுக்குக்கூட அந்த மரியாதை கிடையாது. அந்தப் பெயர் இல்லாவிட்டால் என் மனிதர் பாதி மனிதர்தான், அது எனக்குத் தெரியும்.

வேலை தேயிலை ஆலையில், நாங்கள் ஸ்டோர் என்போம், அங்கே சலிக்கிற காம்பராவில். காய்ந்த தேயிலை மெஷினில் ஆடி ஆடி இறங்கும்போது பெரிய இலை ஒரு பக்கம், சின்னது ஒரு பக்கம் என்று பிரியும். கடைசியில் அடியில் விழுகிற தூள்தான் டஸ்ட். கொஞ்சம் போட்டாலே கறுகறுவென்று சாயம் இறங்கும். வாலிபத்திலிருந்து அதையே பார்த்துப் பார்த்து, இவருடைய மண்டைக்குள் ஒரே ஒரு தத்துவம் உட்கார்ந்துவிட்டது. "பெரிய இலை பார்வைக்கு, டஸ்ட்டுதான் வேலைக்கு." மிளகு வாங்கினால் இடித்துச் சலிப்பார். கொத்தமல்லி வாங்கினால் இடித்துச் சலிப்பார். தலைவலிக்குப் பனடோல் கொடுத்தால் அதையும் கரண்டிக் காம்பால் நசுக்கித்தான் விழுங்குவார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம்.

நான் மரியநாயகி. தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வேலை. கொழுந்து எடுக்கப் போகிற தாய்மார் விட்டுவிட்டுப் போகிற பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது. எந்தப் பிள்ளை சாப்பிட்டது, எந்தப் பிள்ளை தூங்கியது, எந்தப் பிள்ளை இன்றைக்கு 'போகவில்லை' என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. அதனால் என் வீட்டிலேயே ஒரு பெரிய பிள்ளை நாள் கணக்கில் போகாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தபோது எனக்குப் புரியாமலா இருக்கும்? ஸ்டோரில் இராவேலை, வெறும் சாயத்தண்ணி, காய்ந்த ரொட்டி, கட்டைச் சம்பல். பச்சைத் தண்ணி என்றால் மனிதருக்கு ஆகாது. "தேத்தண்ணிக்குள்ளதான் தண்ணி இருக்கே" என்பார். வயிறு கல்லாகிப்போய், கோபமெல்லாம் என் மேல் வந்து விழுந்துகொண்டிருந்தது. கடைசியில் நான்தான் கையைப் பிடித்து இழுக்காத குறையாக ஹட்டனுக்குப் பஸ் ஏற்றிக் கூட்டிப்போனேன். அங்கே சிங்கள நாட்டு வைத்தியர் ஒருவர் இருக்கிறார். எல்லோரும் வெதமாத்தயா என்போம்.

வெதமாத்தயா நாடி பார்த்தார், நாக்கைப் பார்த்தார், என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டார். பிறகு ஒரு டப்பாவைத் திறந்து காய்ந்த நிலாவரை இலை கொஞ்சம் எடுத்துப் பொட்டலம் கட்டினார். மூன்று விரலில் எடுக்கிற அளவு இலை, ஒரு கப் சுடுதண்ணியில் ஊறவைத்து, வடிகட்டி, படுக்கப்போகும்போது குடிக்க வேண்டும். இரண்டு மூன்று நாளைக்கு மேல் வேண்டாம், பழகிவிட்டால் குடல் சோம்பேறியாகிவிடும். பகலில் தண்ணி குடி, கீரை சாப்பிடு. அதோடு விரலை ஆட்டி இன்னொன்றும் சொன்னார். பிள்ளைத்தாச்சிக்கும், சின்னப் பிள்ளைக்கும், இருதயத்துக்கு மருந்து எடுக்கிறவர்களுக்கும் இதைத் தூக்கிக் கொடுத்துவிடாதே, அவர்கள் டொக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

இத்தனையையும் கேட்டது நான். இவர் கேட்கவில்லை. இவர் ஒரு இலையை எடுத்து விரலில் தேய்த்து, முகர்ந்து, சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஆராய்ச்சி பண்ணிக்கொண்டிருந்தார். பஸ்ஸில் திரும்பி வரும்போது வாய் திறந்தார்.

"இலை ரொம்பப் பெருசா இருக்கு மரியா. இப்புடி ஊறப்போட்டா சத்து எங்க எறங்கும்?"

"அந்த மனுசன் சொன்ன மாதிரி குடிச்சாப் போதும். உங்க சலிப்பு வேலைய ஸ்டோரோட வச்சுக்குங்க."

"சரிடி, சரிடி" என்றார். அந்த 'சரிடி'யை நான் நம்பியிருக்கக் கூடாது.

நான் பிள்ளைக்காம்பராவுக்குப் போன நேரம் பார்த்து, மொத்த இலையையும் உரலில் போட்டு இடித்து, தன் சல்லடையில் சலித்து, பச்சை மாவாக ஒரு போத்தலில் அடைத்துவிட்டார். மூன்று விரல் இலை என்றது ஒரு கரண்டி மாவாகிவிட்டது. அந்தக் கரண்டிக்குள் எத்தனை பிடி இலை இருக்கும் என்று யோசிக்க வேண்டாமா? வடிகட்டுகிற வேலையும் இல்லை. அப்படியே கரைத்து, சனிக்கிழமை படுக்கப்போகும்போது ஒரே மடக்கு. எனக்குத் தெரியாது.

மறுநாள் ஞாயிறு பூசை. இவர் காணிக்கைப் பை எடுக்கிறவர், முதல் வரிசையில் நிற்க வேண்டியவர். பாதர் அன்றைக்குப் பார்த்துப் பொறுமையைப் பற்றிப் பிரசங்கம். இந்தப் பக்கம் பெண்கள் வரிசையிலிருந்து நான் பார்க்கிறேன், மனிதரின் முகம் ஒரு மாதிரி போகிறது. நெற்றியில் வியர்வை. ஒரு காலில் நிற்கிறார், மறு காலில் நிற்கிறார். காணிக்கைப் பாட்டுத் தொடங்கியது, பையைக் கையில் எடுத்தார், இரண்டு வரிசை தாண்டினார். மூன்றாவது வரிசையில் சட்டென்று திரும்பிப் பையோடு வாசலைப் பார்த்து நடந்தார். நடந்தவர் படியில் ஓடினார். சனம் பாட்டை விட்டுவிட்டு வாசலைப் பார்த்தது. காணிக்கையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவரைப் பாதர் அதுவரை பார்த்திருக்க மாட்டார் போலிருக்கிறது, பலிபீடத்திலேயே வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

அன்று முழுக்க அவர் கக்கூசுக்கும் காம்பராவுக்கும் நடந்த நடைக்குச் சிவனொளிபாத மலையே ஏறி இறங்கியிருக்கலாம். உப்பும் சீனியும் போட்டுத் தண்ணி கரைத்துக் கரைத்துக் கொடுத்தேன். ஏச்சும் கொடுத்தேன், அதற்கு அளவு வைக்கவில்லை. சாயந்திரம் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து மனிதர் சொன்னார், "மருந்து நல்ல ஸ்ட்ரோங். நான் அப்பவே சொன்னேன்ல, டஸ்ட்டுன்னா டஸ்ட்டுதான். அளவை மட்டும் கொஞ்சம் கொறைக்கணும்."

இப்படிப்பட்டவரை என்ன செய்வது? போத்தலைத் தூக்கிக் குப்பைக்குழியில் கொட்டி மண்ணும் போட்டேன். அடுத்த நாளிலிருந்து ஒரு பெரிய போத்தல் பச்சைத் தண்ணியை நிரப்பிக் கையில் கொடுத்து, அது காலியாகித் திரும்பி வந்தால்தான் சோறு என்று சட்டம் போட்டேன். கீரை, பப்பாசிப்பழம், அவரைக்காய் என்று மாற்றி மாற்றிப் போட்டேன். வயிறு தானாக வழிக்கு வந்தது. ஆனால் ஊரெல்லாம் போய் அவர் சொன்னது நிலாவரை டஸ்ட்டின் மகிமையைத்தான். பப்பாசிக்கு ஒரு வார்த்தை நன்றி கிடையாது. அதோடு, அந்த மாவில் பாதியை ஏற்கெனவே ஸ்டோரில் தன் பெட்டிக்குள் பதுக்கி வைத்திருந்தார் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது.

இனி வீரய்யா அண்ணனைச் சொல்ல வேண்டும். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் கடைசிக் காம்பரா அவருடையது. கொழுந்து லொறியில் வேலை. இவரும் அவரும் ஒன்றாகப் பள்ளிக்கூடம் போய், ஒன்றாக அடி வாங்கி, ஒன்றாகப் படிப்பை விட்டவர்கள். எங்கள் வீட்டு நத்தார் கேக்கில் முதல் துண்டு அவருக்குத்தான். அவர்கள் வீட்டுப் பொங்கலில் முதல் கிண்ணம் இவருக்குத்தான். போன வருசம் அண்ணனுக்கு இருதயத்தில் ஒரு கோளாறு வந்து, அன்றிலிருந்து மாதம் தவறாமல் கிளினிக். மாத்திரைகள் ஒரு பை நிறைய. அதில் ஒன்று தண்ணி மாத்திரை, உடம்பில் சேருகிற நீரைச் சிறுநீராக இறக்குவதற்கு.

அவருடைய ஒரே மகள் சர்மிளாவுக்குக் கல்யாணம் பேசி முடிந்தது. மாப்பிள்ளை உடப்புசல்லாவைப் பக்கம். மஸ்கெலியாவில் கோயில் மண்டபம் எடுத்தார்கள். நாள் குறித்த அன்றைக்கே அண்ணன் எங்கள் காம்பராவுக்கு வந்து, "லோரன்ஸு, பந்தல் இருந்தாலும் இல்லாட்டியும் கொப்பரைக்கு நீதான்" என்று வெற்றிலை வைத்துவிட்டுப் போனார். இவருக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே சல்லடையைக் கழுவிக் காயவைத்தார்.

கல்யாண அலைச்சல் என்றால் தெரியும்தானே. பத்திரிகை வைக்கப் போவது, சேலை எடுக்கப் போவது, கண்ட கடையில் கண்ட ரொட்டி. ஒன்றுக்கு வந்தால் பஸ்ஸில் எங்கே இறங்குவது என்று பயந்து அண்ணன் தண்ணியும் குடிப்பதில்லை. வயிறு கட்டிப்போயிற்று. ஸ்டோருக்குக் கொழுந்து இறக்க வந்தபோது இவரிடம் கேட்டிருக்கிறார், "டேய், உன் குதிரை மருந்து மிச்சம் இருக்கா?" இவருக்கு அதைவிடச் சந்தோசம் வேறென்ன வேண்டும். பெட்டியைத் திறந்து, காகிதத்தில் மடித்து, "ஒரு சிட்டிகை போதும், டஸ்ட்டு இது" என்று பெருமையோடு கொடுத்துவிட்டார். வெதமாத்தயா விரலை ஆட்டிச் சொன்னது ஒன்றும் இவர் காதில் ஏறியிருக்கவே இல்லை. ஏறியிருந்தால் கொடுத்திருக்க மாட்டார், அதை நான் எந்தக் கோயிலிலும் சத்தியம் பண்ணுவேன்.

முதல் நாள் சிட்டிகைக்கு ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த நாள் அண்ணன் இரண்டு சிட்டிகை போட்டார். பிறகு வயிறு திறந்துகொண்டது. தண்ணியாகப் போனது. மருந்து நன்றாக வேலை செய்கிறது, கல்யாணத்துக்குள் வயிறு சுத்தமாகிவிடும் என்று நினைத்து அவர் நிறுத்தவும் இல்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. தண்ணி மாத்திரையையும் ஒழுங்காகப் போட்டுக்கொண்டே வந்தார். கல்யாணத்துக்கு ஒரு வாரம்கூட இல்லாத ஒரு பின்னேரம், சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கினவர் அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டார். காலில் பலமே இல்லை. நெஞ்சு தாறுமாறாக அடிக்கிறது என்றார். அவருடைய மச்சினன் சின்னராசா, ஆட்டோ ஓடுகிறவன், அள்ளிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தான். பின்னாலேயே வந்த பஸ்ஸில் நானும் இவரும் போனோம்.

வார்டில் அண்ணனின் நெஞ்சில் வயர் ஒட்டியிருந்தது. மெஷின் ஒழுங்கில்லாமல் கீச்சுக் கீச்சென்று கத்தியது. கட்டிலுக்கு அந்தப் பக்கம் அவருடைய மனைவி வீரம்மா அண்ணி, சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு நின்றார். டொக்டர் ஒரு சின்ன வயதுச் சிங்களப் பெண். கிளினிக் மாத்திரைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, சிங்களத்தில் கேட்டார். இதைத் தவிர வேறு ஏதாவது எடுத்தாரா, நாட்டு மருந்து ஏதாவது?

"இல்ல" என்றார் வீரய்யா அண்ணன்.

"வேற ஒன்னும் குடுக்கல மிஸ்" என்றார் அண்ணி. அவருக்கு உண்மையிலேயே தெரியாது.

எங்கள் சனத்துக்கு இது ஒரு வியாதி. வீட்டில் கஷாயம் குடித்திருப்போம், எண்ணெய் தேய்த்திருப்போம், மந்திரித்த தண்ணிகூடக் குடித்திருப்போம். ஆஸ்பத்திரியில் கேட்டால் கோயிலில் கற்பூரம் அடித்துச் சத்தியம் பண்ணாத குறையாக இல்லை என்போம். டொக்டர் ஏசுவார் என்ற பயம். நான் திரும்பி என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். பேயறைந்த முகம். கை சட்டைப் பையைத் தடவிக்கொண்டே இருந்தது. எனக்கு அந்த நிமிசமே விளங்கிவிட்டது. அட பாவி மனுசா! நீ சொல்லாவிட்டால் நான் சொல்கிறேன் என்று ஒரு அடி எடுத்தும் வைத்துவிட்டேன்.

அதற்குள் அவர் பேசிவிட்டார். சட்டைப் பையிலிருந்து, மிச்ச மாவை மடித்து வைத்திருந்த காகிதத்தை எடுத்து டொக்டரின் கையில் வைத்தார். தனக்குத் தெரிந்த சிங்களத்தில், எல்லோருக்கும் முன்னால், ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். இது நிலாவரை. எனக்குத் தந்தது இலையாக. நான்தான் இடித்துச் சலித்தேன். நான்தான் இவனுக்குக் கொடுத்தேன். இவன் எவ்வளவு போட்டான் என்று தெரியாது, ஒரு சிட்டிகை என்றேன், எத்தனை நாளைக்கு என்று சொல்லவில்லை. அத்தனை வருசத்தில் தேத்தண்ணி விசயத்தில்கூட 'என் பிழை' என்று சொல்லாத வாய் அது.

வீரம்மா அண்ணி அவரைப் பார்த்த பார்வையை என்னால் சொல்ல முடியாது.

டொக்டர் ஏசவில்லை. வீரய்யா அண்ணனிடம் இன்னொரு தடவை கேட்டார், இந்தத் தடவை அண்ணன் எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டார். உடனே டொக்டர் நர்ஸிடம் ஊசியையும் சேலைனையும் மாற்றச் சொன்னார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி மெதுவாக விளக்கினார். பேதியாகப் போனதில் உடம்பிலுள்ள பொட்டாசியம் என்கிற உப்பு வெளியே போய்விட்டது. தண்ணி மாத்திரையும் அதே உப்பைத்தான் இறக்கும். இரண்டும் சேர்ந்தால் இருதயம் தாளம் தப்பிவிடும். "இலையில பிழையில்ல. வெதமாத்தயா சொன்ன ஆளுக்கு, சொன்ன அளவுல, சொன்ன நாளைக்குக் குடிச்சிருந்தா ஒன்னுமில்ல" என்றார். "இப்ப சொன்னது நல்லதாப் போச்சு. நேரம் மிச்சம்."

டொக்டர் போன பிறகு அண்ணன் முனகினார். "ஏண்டா சொன்ன? உன்னைய ஏசுவாங்கன்னுதானடா நான் மறைச்சேன்."

"நீ போய்ட்டா அப்பறம் நான் யாரைடா ஏசுறது?" என்று சொன்னார் இவர். சொல்லிவிட்டு வெளியே போய் வராந்தாவில் நின்று அழுதார். நான் கூடப் போய் நின்றேன். ஏச வேண்டும் என்று வைத்திருந்த வார்த்தை எல்லாம் எங்கே போனதோ, கையைத்தான் பிடித்துக்கொண்டேன்.

அண்ணன் தேறிவிடுவார் என்று அடுத்த நாளே தெரிந்தது. ஆனால் ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? காலையில் பெரட்டுக் களத்தில் அன்றைய வேலைக்குப் பெயர் கொடுக்கும்போதே பேச்சு தொடங்கியது. லோரன்ஸு வீரய்யாவுக்கு மருந்து வச்சுட்டாராம். இல்லை, தேத்தண்ணியில் கலந்து கொடுத்தாராம். பிள்ளைக்காம்பராவில் பிள்ளையை விட வந்த ஒருத்தி என் முகத்தைப் பார்க்காமலே பிள்ளையை நீட்டினாள். மேல் லயத்தில் ஒரு கருமாதி. இவர் வெள்ளைச் சட்டை போட்டு, சல்லடையை எடுத்து வைத்துக்கொண்டு, யாராவது கூப்பிட வருவார்கள் என்று படியிலேயே உட்கார்ந்திருந்தார். ஒருவரும் வரவில்லை. பகல் முழுக்க உட்கார்ந்துவிட்டு, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை, நானும் வற்புறுத்தவில்லை.

"கல்யாணத்துக்குப் போக வேணாங்க" என்றேன். "அண்ணி நம்மகிட்ட பேசறதில்ல. மூஞ்சியில அடிச்ச மாதிரி ஏதாச்சும் சொல்லிட்டா?"

"வீரய்யா வெத்தல வச்சிருக்கான். அவன் வாயால வேணாம்னு சொல்லல" என்றார்.

கல்யாணத்தன்று விடிந்ததும் மண்டபத்துக்குப் பின்னால் போய் அடுப்பு மூட்டினார். கொப்பரையைத் தேய்த்த தேய்ப்பில் முகம் தெரிந்தது. தேயிலைப் பையைப் பிரித்து எல்லோரும் பார்க்கிற மாதிரி பலகை மேல் வைத்தார். சாயம் இறங்கியது, அதே நிறம், அதே மணம். கப்புகளை வரிசையாக அடுக்கி ஊற்றிவைத்தார்.

சனம் வந்தது. மாப்பிள்ளை வீடும் வந்தது. எங்கள் தோட்டத்து ஆட்கள் கொப்பரைப் பக்கம் பார்ப்பதும், பக்கத்தில் இருப்பவரின் காதில் ஏதோ சொல்வதும், பிறகு அந்தப் பக்கம் போய் ஆரஞ்சு சோடாவை எடுப்பதுமாக இருந்தார்கள். உடப்புசல்லாவைக்காரர்களுக்கும் செய்தி போய்விட்டது. ஊற்றிவைத்த தேத்தண்ணி ஆறிப்போனது. அதைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றினார். அதுவும் ஆறியது. நான் போய் நின்று சத்தம் போட்டு உறிஞ்சி உறிஞ்சி மூன்று கப் குடித்தேன். பெண்டாட்டி குடிப்பதை யார் கணக்கில் எடுப்பார்கள்? எனக்கு அந்தச் சனத்தின் மேல் வந்த ஆத்திரத்துக்கு, கொப்பரையைத் தூக்கித் தலையில் ஊற்றியிருப்பேன்.

முகூர்த்த நேரம் நெருங்கியபோது வாசலில் சின்னராசாவின் ஆட்டோ வந்து நின்றது. அன்று காலையில்தான் ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அண்ணன் இறங்கினார். பாதியாக இளைத்திருந்தார், ஆனால் வேட்டி சட்டை கசங்காமல் இருந்தது. சர்மிளா மணவறையிலிருந்து எட்டிப் பார்த்து அப்பா என்று அழுதுவிட்டது. ஐயர் கூப்பிடுகிறார், அண்ணி கையைப் பிடிக்கிறார். அண்ணன் எல்லோரையும் விலக்கிக்கொண்டு, மணவறைக்குப் போகாமல், மண்டபத்தின் பின்வாசலைப் பார்த்து நடந்தார். சனமும் பின்னாலேயே வந்தது.

கொப்பரைக்கு முன்னால் வந்து நின்று கையை நீட்டினார்.

"ஊத்துடா."

என் வீட்டுக்காரர் கரண்டியைத் தொடவில்லை. "காலைல சாப்ட்டியா?" என்று கேட்டார்.

"சாப்ட்டேன்."

"மச்சான், தாரை வாக்குற வரைக்கும் வெரதம்ல" என்று சின்னராசா இடையில் வந்தான்.

"வெறும் வயித்துல மாத்திரை போடக்கூடாதுன்னு டொக்டர் சொல்லிட்டாங்க. சாமி கோவிச்சுக்காது" என்றார் அண்ணன்.

"மாத்திரை போட்டியா?" இவர் விடவில்லை.

"போட்டேண்டா."

"தேத்தண்ணி குடிக்கலாமான்னு டொக்டர்கிட்ட கேட்டியா?"

"ஒரு கப்பு, சாயம் கம்மியா, சீனி கம்மியா. கேட்டுட்டுத்தான் வந்தேன். இன்னும் என் சாதகமும் வேணுமா உனக்கு? ஊத்து."

இவர் சாயத்தைக் குறைத்து, சுடுதண்ணி கலந்து, இரண்டு தடவை நிறம் பார்த்து ஊற்றினார். அண்ணன் கப்பை வாங்கினார். அவசரப்படவில்லை. ஐயர் உள்ளே இருந்து கூப்பிட்டுக்கொண்டே இருக்க, அவர் அத்தனை பேருக்கும் முன்னால் ஊதி ஊதி, பாதி கப்பைக் குடித்தார். மீதியை வீரம்மா அண்ணியிடம் நீட்டினார்.

அண்ணி கப்பை வாங்கவில்லை. என் வீட்டுக்காரரைப் பார்த்தார். இவர் தலையைக் குனிந்துகொண்டார். அம்மா மாதாவே, அந்த ஒரு கப்பை மட்டும் வாங்க வை என்று கேட்டேன், வேறு ஒன்றும் கேட்கவில்லை.

அண்ணி வாங்கினார். அடிவரை குடித்தார். கப்பைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, மறுபடி நிமிர்த்தி என் வீட்டுக்காரரிடம் நீட்டினார்.

"சீனி பத்தலண்ணே" என்றார். "எனக்கு நல்லாப் போட்டு இன்னொன்னு ஊத்துங்க."

லோரன்ஸ் ஊற்றினார். அண்ணிக்குப் பின்னால் சின்னராசா கப்பை எடுத்தான், அவனுக்குப் பின்னால் மேல் லயத்துக்காரர்கள் வந்து நின்றார்கள். நான் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு கப்பு கழுவப் போனேன்.